ரசிகர்களே கழகத்தில் பங்கு எடுக்கலாமா? எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கண்டாவளைப் பக்கம். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இப்போது பொருளாளராக இருக்கிறேன். கழகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆளையும் தெரிந்துவிடும், அது இந்த நேரத்தில் நல்லதில்லை.

விசயம் இதுதான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருக்கிறார். மீள்குடியேறி வந்த காலத்தில் இருந்தே கழகத்துக்கு உதவி செய்கிறவர். முழு அணிக்கும் ஜேர்சி, பந்து, கோல் காப்பாளருக்குக் கையுறை என்று நிறைய வந்திருக்கிறது. அவருடைய மனசைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். இப்போது மைதானத்தின் நான்கு மூலையிலும் இரும்புக் கம்பம் நட்டு லைட் போட்டுத் தருகிறேன், மண் பறித்து மட்டப்படுத்தியும் தருகிறேன் என்கிறார். மின்னொளிச் சுற்றுப்போட்டி வைத்தால் கழகத்துக்கு வருமானம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பதிலுக்கு அவர் கேட்பது, கழகத்தின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனாரின் பெயர் வரவேண்டும், தலைவராகவும் அணி முகாமையாளராகவும் அவர் சொல்லுகிற ஆட்களைப் போடவேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டோம். லைட் இருக்கும் வரைக்கும் என்றார்.

நிர்வாகத்தில் பாதிப் பேர் ஓம் என்கிறார்கள். விளையாடுகிற பொடியள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். போன கிழமைக் கூட்டத்தில் பின்னால் இருந்த ஒரு பொடியன் எழும்பி, "ஜேர்மனியில கழகத்தில பாதிக்கு மேல ரசிகர்மார்தான் வச்சிருக்கினமாம். நாங்களும் ஆளுக்கொரு பங்கு எடுத்தா என்ன?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற கதையாகப் படவில்லை.

ஏனென்றால் இந்தக் கழகம் அப்படித்தான் திரும்ப எழும்பியது. 2009இல் எல்லாம் போனது. கூட்ட அறிக்கைப் புத்தகம், கேடயங்கள், பழைய படங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. செட்டிக்குளம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது மைதானத்தில் ஆள் உயரத்துக்குப் பற்றை. கண்ணிவெடி பார்த்து முடித்துக் காணியை விட்ட பிறகு ஊரே கத்தி, மண்வெட்டியோடு இறங்கியது. முதல் கோல் கம்பம் காட்டுத்தடி. வலை முல்லைத்தீவுக் கரையில் இருந்து ஒரு ஐயா கொண்டுவந்த பழைய மீன்வலை. அறுந்திருந்த இடங்களை அவரே கோலுக்குள் சப்பாணி கட்டி இருந்து, நைலோன் நூலைப் பல்லால் கடித்துக் கடித்து முடிந்து தந்தார். காலபோகம் வெட்டி முடிய, காசு இல்லாத வீடுகள் அரை மூடை நெல் தந்தன. அதை விற்றுத்தான் லீக்குக்குப் பதிவுக் காசு கட்டினோம். அந்தச் சனத்திடம் ஒரு சொல் கேட்காமல் பெயரை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் கழகங்கள் எப்படி நடக்கின்றன? ஒருவர் நூறு பங்கு எடுத்தால் அவருடைய சொல்தானே எடுபடும்? ஒரு வன்னி ஊர்க் கழகத்தில் இது செய்யக்கூடிய காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுக்கூட்டம் கிட்டுகிறது.

ரூர்ப்பக்கம்:

தம்பி, எனக்குச் சொந்த இடம் முள்ளியவளை. இப்போது ஜேர்மனியில், டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், அந்தக் கழகத்தின் அங்கத்தவன். அந்தப் பொடியன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறான், ஒன்றை மட்டும் திருத்திச் சொல்லுங்கள். இங்கே ரசிகர்களின் கையில் இருப்பது பங்கு கிடையாது, அங்கத்துவம். வருடச் சந்தா கட்டுகிறோம், பொதுக்கூட்டத்துக்குப் போகிறோம், ஆளுக்கு ஒரு வாக்கு. பெரிய முதலாளிக்கும் ஒன்று, பஸ் ஓட்டுகிற எனக்கும் ஒன்று.

1998 வரைக்கும் இங்கே தொழில்முறைக் கழகங்கள் எல்லாம் சங்கங்களாகவே இருந்தன. அதற்குப் பிறகு அணியை ஒரு கம்பனியாக்கலாம் என்று விட்டார்கள், ஆனால் அந்தக் கம்பனியில் பாதிக்கு மேலான வாக்கு அங்கத்தவர் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும் என்று கட்டினார்கள். ஐம்பதும் ஒன்றும் என்று சொல்வது இதைத்தான். பயேர்ன் மியூனிக்கில் 75 வீதம் சங்கத்திடம், மிச்சத்தை அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் என்ற மூன்று கம்பனிகளும் சமமாக வைத்திருக்கின்றன. டோர்ட்மண்ட் 2000இல் பங்குச் சந்தைக்கே போனது. சங்கத்தின் கையில் இருப்பது மூலதனத்தில் சிறு பகுதிதான். ஆனாலும் கம்பனியை நடத்துகிற நிர்வாக அமைப்பு முழுதாகச் சங்கத்துக்குச் சொந்தம் என்பதால், சந்தையில் பங்கு வாங்கியவர் இலாபத்தில் பங்கு கேட்கலாம், தலைவரை மாற்ற முடியாது. உங்கள் ஊருக்குத் தேவையான பாடம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். காசு எங்கிருந்தும் வரலாம். தலைவரைப் போடுகிற கை மட்டும் ஊரில் இருக்கவேண்டும்.

இங்கே எல்லாம் சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். லெவர்குசனும் வொல்ஸ்பேர்க்கும் தொடக்கத்தில் இருந்தே ஆலைத் தொழிலாளர் கழகங்கள் என்பதால் அவற்றுக்கு விதிவிலக்கு. லைப்சிக்கில் சட்டத்துக்குச் சங்கம் இருக்கிறது, வாக்குரிமை உள்ள அங்கத்தவர்களோ ஒரு கைப்பிடி ஆட்கள். கதவைத் திறந்து வைக்காத சங்கத்தால் ரசிகனுக்கு ஒரு பயனும் இல்லை. கழகத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 2024 தொடக்கத்தில் லீக்கின் தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் ரென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள், கிழமைக் கணக்காக. பெப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நான் நின்ற பகுதியில் இருந்தும் பந்து போனது. கேட்டு நடக்கவேண்டிய நிர்வாகம் கேட்காமல் விட்டால் சனம் என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மல்லாவி எட்டாம் நம்பர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், கோபிக்கவேண்டாம்.

பங்கு இருந்தால் கழகம் எங்களுடையது என்று நம்பி ஏமாந்த ரசிகர்கள் நிறையப் பேர். மான்செஸ்ரர் யுனைற்றட் 1991இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது சாதாரண ரசிகர்கள் ஆசையாகப் பங்கு வாங்கினார்கள். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் பெரும்பகுதியை வாங்கி முடித்ததும் மிச்சமிருந்த சின்னப் பங்குகளைச் சட்டப்படி கட்டாயமாக எடுத்துக்கொண்டது. வாங்கிய கடனையும் கழகத்தின் தலையில் ஏற்றியது. வேல்ஸின் சுவான்சிக் கழகத்தில் ரசிகர் அமைப்பிடம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. 2016இல் மற்றப் பங்குதாரர்கள் அவர்களைக் கேட்காமலே அமெரிக்கருக்கு விற்றார்கள். ஐந்தில் ஒன்று வைத்திருந்தும் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள்.

சரி, ஆளுக்கொரு வாக்கு என்றால் சரியாகிவிடுமா? பார்சிலோனாவும் ரியல் மட்ரிட்டும் அங்கத்தவர்களின் கழகங்கள். 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்று பெரிய கழகங்கள் தங்களுக்கென ஒரு போட்டி தொடங்கித் தனியாகப் பிரியப் போன பன்னிரண்டு கழகங்களில் அந்த இரண்டும் முன்வரிசையில் நின்றன. பார்சிலோனாவின் கடன் நூறு கோடி யூரோவைத் தாண்டியதும் அங்கத்தவர் தெரிவு செய்த தலைவர்களின் காலத்தில்தான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கழகத்தை ரசிகர்கள் 2013இல் ஆயிரம் பவுண் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். 2017இல் அவர்களே வாக்களித்து ஒரு பணக்காரரிடம் கொடுத்தார்கள். தங்களால் இதற்கு மேல் கொண்டுபோக முடியாது என்று தெரிந்து செய்தார்கள், அதில் பிழை சொல்ல இல்லை.

இங்கே மாலை ஐந்து மணிக்கு வயலால் வந்து குளித்து மைதானத்துக்கு வர ஆறு மணி. ஆறரைக்கு இருட்டு. லைட் வந்தால் எத்தனை பொடியள் பின்னேரத்தில் வேறு பழக்கங்களுக்குப் போகாமல் நிற்பார்கள் என்று யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் போதைப்பொருள் எந்த வயதுக்கு இறங்கி வந்திருக்கிறது என்று தாய்மாரைக் கேளுங்கள். பெயரா பெரிசு? லைட்டை விடாதே தம்பி.

ஒட்டுசுட்டான் கூட்டுறவு:

மல்லாவித் தம்பி சொல்வதில் இருக்கும் அவசரம் எனக்கும் விளங்குகிறது. லைட் வேண்டும். அதை எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பங்குப் பணம், அங்கத்தவர் இடாப்பு, பொதுக்கூட்டம் என்று என் வாழ்நாள் போனது. ஆகவே பொருளாளர் தம்பியிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். பங்கு என்றால் எதில் பங்கு? உங்கள் கழகத்துக்கு என்ன சொந்தம்? மைதானம் பெரும்பாலும் அரச காணியாகவோ பிரதேச சபையின் பொறுப்பிலோ இருக்கும். அப்படியானால் அதில் ஒரு அடியைக்கூட நீங்கள் பங்கு போட முடியாது. காணிக்குப் பொறுப்பானவர்களின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கம்பமும் நட முடியாது. அதைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கழகத்தின் பெயர், வங்கிப் புத்தகம், லீக்கில் உள்ள இடம், நிர்வாகத்தைத் தெரிகிற உரிமை. கழகம் என்பது அவ்வளவுதான். அந்த அன்பர் கேட்பதைத் திரும்பப் பாருங்கள். பெயரையும் நிர்வாகத்தையும் கேட்கிறார். லைட்டுக்குப் பதிலாகக் கழகத்தின் பெரும்பகுதியைக் கேட்கிறார், அவருக்கே அது விளங்காமல் இருக்கலாம்.

கம்பனி ஆக்குவது உங்களுக்குச் சரிவராது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனியில் பங்குதாரர் ஐம்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் மைதானத்து ஓரத்தில் ஒரு இறுதிப் போட்டிக்கு நிற்கிற சனமே அதைவிடக் கூட. பொதுக் கம்பனி என்று போனால் கணக்காய்வாளருக்கும் பதிவாளருக்கும் கட்டுகிற காசில் ஒரு வருடத்துக்குப் பந்து வாங்கலாம். அதோடு கம்பனியில் வழமையாகப் பங்குக்குத்தான் வாக்கு. நீங்கள் பயந்த நூறு பங்குக்காரர் அங்கேதான் வருவார்.

கூட்டுறவில் அந்தப் பயம் இல்லை. ஒருவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு வைத்திருந்தாலும் ஒரு வாக்குத்தான். எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கங்களில் வள்ளம் வைத்திருக்கிறவரும் கூலிக்குப் போகிறவரும் அப்படித்தான் இருந்து கை உயர்த்துகிறார்கள். சனத்துக்குப் பழகிய முறை இது, ஜேர்மனியில் இருந்து கொண்டுவரத் தேவையில்லை. இருந்தாலும் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்காகத் தனியாகக் கூட்டுறவுச் சங்கம் பதிகிற வேலை பெரிய வேலை. பிரதேச செயலகத்தில் பதிவான கழகம் இருக்கிறது, அதற்கு ஒரு யாப்பும் இருக்கும். அதைத் திருத்துங்கள், போதும்.

எப்படித் திருத்துவது? ஊரில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும், விளையாடினாலும் விளையாடாவிட்டாலும், ஒரு சிறு தொகை கட்டி அங்கத்தவர் ஆகலாம் என்று எழுதுங்கள். தொகை ஒரு நாள் கூலியைத் தாண்டக்கூடாது. நெல்லாகத் தந்தாலும் அன்றைய விலையைப் போட்டுப் பற்றுச்சீட்டு வெட்டுங்கள். அந்தப் பற்றுச்சீட்டைச் சனம் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும். சங்கப் பங்குச் சீட்டை அப்படிப் பதினைந்து வருடம் வைத்திருந்து, இடம்பெயர்ந்தபோதும் பையில் போட்டுக் கொண்டுபோய், திரும்பி வந்து எங்கள் மேசையில் விரித்துக் காட்டிய ஒரு அம்மாவை நான் கண்டிருக்கிறேன். மடிப்பில் எழுத்துப் போய்விட்டது, சங்கத்தின் முத்திரை மட்டும் தெரிந்தது. எங்கள் இடாப்பு அழிந்து போயிருந்தது. அவருடைய சீட்டை வைத்துத்தான் அவரைத் திரும்ப அங்கத்தவராகப் பதிந்தோம்.

பிறகு, பெயர், சீருடையின் நிறம், விளையாடும் மைதானம் இந்த மூன்றையும் மாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு வேண்டும் என்று போடுங்கள். நிர்வாகக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்து தீர்மானிக்கிற காரியமாக அது இருக்கக்கூடாது.

அந்த அன்பருக்கு மரியாதை செய்ய வேறு வழி இல்லையா? தகப்பனாரின் பெயரில் வருடா வருடம் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி, ஞாபகார்த்தக் கேடயம், கம்பத்தில் பெயர்ப்பலகை. எங்கள் மாகாணம் முழுவதும் நடக்கிற வழக்கம். மகனுக்கும் அது பெருமைதான். கடைசியாக, மின்பட்டியலை மாதா மாதம் யார் கட்டுவது என்று இப்போதே கேளுங்கள். லைட் போட்டு, பட்டியல் கட்டாமல் இணைப்பு வெட்டுப்பட்டு, கம்பம் துருப்பிடித்து நிற்கிற மைதானங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாய்க்கால்கரை:

ஐயா, மிகவும் நன்றி. நீங்கள் எழுதியதை அப்படியே வட்ஸ்அப்பில் செயலாளருக்கு அனுப்பினேன். மைதானம் பிரதேச சபையின் பொறுப்பில்தான். கடிதம் எழுதியிருக்கிறோம்.

யாப்பை எடுத்துப் பார்த்தேன். "அங்கத்தவர் என்பது கழகத்துக்காக விளையாடும் அல்லது விளையாடிய இளைஞர்" என்று இருக்கிறது. அப்படியென்றால் வலை முடிந்து தந்த ஐயாவுக்கும் நெல் தந்த வீடுகளுக்கும் வாக்கு இல்லை. இதைத் திருத்த வேணும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் வெளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வாக்குக் கொடுத்தால் ஊரில் இருப்பவர்களின் சொல் அமுங்கிப் போகும் என்று ஒரு பயம்.

அக்கராயன் அக்கா:

தம்பி, "இளைஞர்" என்ற அந்தச் சொல்லை நீங்கள் வாசித்துவிட்டுக் கடந்து போகிறீர்கள். அதில் நான் இல்லை.

என் மகள் பாடசாலை அணியில் விளையாடுகிறாள். பாடசாலை முடிந்ததும் பயிற்சி எடுக்க இடம் இல்லை. ஊர்க் கழகத்தின் மைதானத்தில் பெண்பிள்ளைகள் விளையாடலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டேன். ஆண்களின் பயிற்சி முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். முடியும்போது இருட்டிவிடும். லைட் வந்தால் அந்தப் பதிலும் மாறவேண்டும், இதை உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லுவார்களா?

சுற்றுப்போட்டி நாளில் அதிகாலையில் எழும்பிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் என்று பார்சல் கட்டுவது யார்? வெளியூர் அணிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். கழகத்துக்கு விளையாடி அடிபட்ட பொடியனைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நின்றது, முழங்கால் பிசகிய பிள்ளைக்கு மாதக்கணக்காக ஒத்தடம் கொடுத்தது எல்லாம் நாங்கள்தான். நாங்கள் ரசிகர்கள் இல்லையென்றால் வேறு யார் ரசிகர்? ஜேர்மனி, ஸ்பெயின் என்று கதைக்கிறீர்கள், நல்லது. எங்கள் ஊரில் அங்கத்தவர் இடாப்பை விரித்தால் ஒரு பெண்ணின் பெயராவது இருக்குமா?

கூட்டுறவு ஐயா எழுதிய "ஊரில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும்" என்ற வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் யாப்பில் போடுங்கள். நிர்வாகத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் என்றும் சேருங்கள். பொதுக்கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு ஒருவரும் வரவில்லை என்று சொல்லவேண்டாம். ஞாயிறு பின்னேரம் வையுங்கள், நாங்கள் வருவோம்.

தெற்கு லண்டன்:

நான் காசு அனுப்புகிற பக்கத்து ஆள். பரந்தன் சொந்த இடம், வேறு கழகம். அந்த அன்பரை யாரும் தப்பாக நினைக்கவேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். வெளியில் இருப்பவர்கள் ஏன் தலைவரைத் தாங்கள் போடவேண்டும் என்று கேட்கிறார்கள் தெரியுமா? அனுப்பிய காசுக்குக் கணக்கு வருவதில்லை. ஒரு படம் வரும், ஒரு நன்றி வரும். எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் கோபம் வரும். இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. பற்றுச்சீட்டை ஒழுங்காக அனுப்பியிருந்தால் பாதிப் பேர் அதிகாரம் கேட்கமாட்டார்கள். உங்கள் பொருளாளர் இதை இங்கே வந்து கேட்கிறார் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

நான் இருக்கிற இடத்தில் விம்பிள்டன் கதை எல்லோருக்கும் தெரியும். 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த கழகம். 2002இல் அதை மில்ரன் கீன்ஸ் என்ற தூர நகரத்துக்குக் கொண்டுபோக முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. சில கிழமைகளுக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தங்கள் கழகத்தைத் தொடங்கி, பொது வெளியில் அறிவித்தல் போட்டு வீரர்களைத் தெரிந்தார்கள். ஒன்பதாவது தரத்தில் இருந்து விளையாடி 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம் திறந்தார்கள். கட்டடக் காசு போதாமல் வந்தபோது வெளி ஆளுக்குக் கழகத்தை விற்காமல், ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்றார்கள். வட்டி எவ்வளவு, எப்போது திரும்பும் என்று எழுதிக் கொடுத்த கடன்.

உங்களுக்கு அதைவிடப் பொருந்துவது ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸ். 2013இல் கடனில் மூழ்கி மூடப்போகிற நிலை. ஆன் பட்ஜ் என்ற பெண் தொழிலதிபர் 2014இல் தன் காசைப் போட்டுக் கழகத்தை எடுத்தார். எடுக்கும்போதே ஒப்பந்தம், ரசிகர்கள் மாதா மாதம் கட்டுகிற காசில் அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், முடிந்ததும் கழகம் ரசிகர்களுக்கு வரும். ஆயிரக்கணக்கானவர்கள் மாதா மாதம் கட்டினார்கள். 2021 ஓகஸ்டில் 75.1 வீதப் பங்கு ரசிகர் அமைப்பின் கைக்கு வந்தது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அந்த அன்பரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். லைட்டில் பாதி அன்பளிப்பு, பாதி வட்டியில்லாக் கடன். மின்னொளிச் சுற்றுப்போட்டி வருமானத்தில் வருடா வருடம் திருப்பிக் கட்டுகிறோம், ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் வரவு செலவை அவருக்கு அனுப்புகிறோம். தன் காசு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அவருக்குத் தன் ஆளைத் தலைவராகப் போடவேண்டிய தேவை இருக்காது.

வெளிநாட்டு வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். என் கருத்து, எங்களுக்கு வாக்கு வேண்டாம். கூட்டத்தில் கதைக்கவும் கணக்கைப் பார்க்கவும் உரிமை தாருங்கள். மழைக்கு மைதானத்தில் தண்ணி நின்றால் வாளியோடு இறங்குவது நாங்கள் இல்லை, ஆகவே தலைவரையும் நாங்கள் தெரியக்கூடாது.

மல்லாவி எட்டாம் நம்பர்:

பாதி அன்பளிப்பு பாதிக் கடன் என்ற கதை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் லைட்டும் வரும். நான் எதிர்க்கவில்லை. அக்கா சொன்னதுக்கும் என் ஆதரவு, எங்கள் ஊரிலும் பெண்பிள்ளைகள் அணி நல்ல அணி.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த அன்பரோடு நீண்ட நேரம் கதைத்தேன். முதலில் கோபப்பட்டார். கணக்கைப் பற்றி லண்டன் அண்ணை எழுதியதைச் சொன்னதும் கொஞ்சம் அமைதியாகி, "அதைத்தான் நான் இவ்வளவு காலமும் கேட்டனான்" என்றார். பழைய அன்பளிப்புகளுக்கு இருக்கிற பற்றுச்சீட்டுகளை எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தகப்பனாரின் பெயரில் ஞாபகார்த்தக் கேடயம் என்பதற்கு இன்னும் ஓம் என்று சொல்லவில்லை, தாயாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கடன் கதையை நேரில் வரும்போது கதைப்போம் என்றார்.

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, சனசமூக நிலையத்தில். யாப்புத் திருத்தம் முதல் விடயம். மாதர் சங்கத்துக்குத் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டோம். ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். புதிதாகச் சேர்கிறவர்கள் அன்றைக்கே காசு கட்டி அன்றைக்கே வாக்களிக்கலாமா? ஒரு பக்கத்தார் ஒரு பஸ் ஆட்களை இறக்கினால் என்ன செய்வது?

ஒட்டுசுட்டான் கூட்டுறவு:

நல்ல கேள்வி, இது எங்கள் சங்கத் தேர்தல்களிலும் நடந்திருக்கிறது. இந்த முதல் கூட்டத்தில் இப்போதுள்ள யாப்புப்படி உள்ள அங்கத்தவர்கள் மட்டும் திருத்தத்துக்கு வாக்களிக்கட்டும், மற்றவர்கள் வந்து இருந்து கதைக்கட்டும். திருத்தம் நிறைவேறியதும் அங்கேயே மேசை போட்டுப் புது அங்கத்தவர்களைப் பதியுங்கள். பெயர் மாற்றமோ நிர்வாகத் தெரிவோ அன்றைக்கு வேண்டாம். சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் வாக்குரிமை என்றும், ஊரில் வசிப்பதைக் கிராம அலுவலரின் வாக்காளர் இடாப்பில் பார்த்து உறுதிப்படுத்துவது என்றும் ஒரு வரி சேருங்கள். இடாப்பை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைச் செயலாளரிடமும் மற்றதை மாதர் சங்கத்திடமும் கொடுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.